கருப்பில் சிவப்புக் கோடு

என் தாய்மாமன் அங்கமுத்து இறந்துவிட்டார் என்று எனக்குச் செய்தி வந்த நேரத்தில், அவர் ஆட்டையாம்பட்டியில் ஒரு முறுக்குக் கடை வாசலில், எண்ணெய் வடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருந்தார். இது பிற்பாடு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கோத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் வந்த ஒரு வரிதான். ‘நமது ஊர் பச்சைவண்டி அங்கமுத்து அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்.’ அதன் கீழே ஒரே குத்துவிளக்குப் படத்தை ஆள் மாற்றி ஆள் அனுப்ப, திரை முழுக்க விளக்காக எரிந்தது.

அந்த வரியில் சாவு மட்டும் உண்மை. ஆள் தவறு. வண்டியும் தவறு. பச்சை வண்டி போய் மூன்று வருடமாகியிருந்தது.

அம்மாவின் ஊர் மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, பேருந்து வந்து திரும்பி நிற்கும் இடம். அந்த ஊரில் அங்கமுத்து இரண்டு பேர். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு பேருக்கும் முதல் எழுத்து ‘கே’. வாத்தியார் ‘கே. அங்கமுத்து’ என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள், அல்லது இரண்டு பேருமே எழமாட்டார்கள். வளர்ந்து ஆளான பிறகு ஊரே ஒரு வழி கண்டுபிடித்தது. வண்டியை வைத்துப் பிரித்துக்கொண்டது.

ஒருவர் முட்ட வண்டி அங்கமுத்து. கோழிப்பண்ணைகளில் முட்டை எடுத்துக் கடை கடையாகப் போட்டுவந்தவர். மொபெட்டின் பின்னால் பட்டறையில் சொல்லிக் கட்டிய இரும்புச் சட்டம், அதில் ஆள் உயரத்துக்கு முட்டை அட்டைகள். பின்னாலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவர் தெரியமாட்டார். அட்டை அடுக்கு தானாகச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொருவர் என் மாமா. போர்வெல் லாரியில் வடக்கே பல மாநிலங்களில் துளை போட்டவர். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது துளை போடும் ரிக் வண்டி திருச்செங்கோட்டுக்கு வந்து பெயின்ட் ஆகும். அப்படி ஒரு வருடம் ரிக்குக்கு அடித்தது போக அரை டின் பச்சை மிஞ்சியது. மாமாவிடம் அப்போது யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. டேங்க், மட்கார்டு, செயின் மூடி, சக்கரத்து வளையம் எதையும் விடவில்லை. மிச்சப் பெயின்ட்டை எல்லாம் அதன் மேல் தீர்த்தார். ரிக்குக்கு அடிக்கிற பச்சை காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டிய பச்சை. அது இலையின் பச்சையும் இல்லை, கிளியின் பச்சையும் இல்லை.

“ஏனுங்க, இதென்ன தேராட்டம் பண்ணி வெச்சிருக்கறீங்க?” என்றாராம் அத்தை ராசாத்தி, வண்டி முதன்முதலாக வாசலுக்கு வந்தபோது.

“கெணத்துக்குள்ள உழுந்தாக்கூடத் தெரியுமல்ல?”

“நீங்க உழுந்தா எனக்கு ஒண்ணுந் தெரிய வேண்டாம். தண்ணி பச்சையாப் போயிருமேன்னுதான் கவலை.”

அன்றிலிருந்து அவர் பச்ச வண்டிக்காரர். அத்தை தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, “டீக்கடைல பச்ச நிக்குதுங்களா?” என்பார். நிக்குது என்றால் சோறு வடிக்கலாம், நிக்கவில்லை என்றால் பொறுக்கலாம். கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் கண்ணாடியில் பச்சை தெரிந்தால் நிறுத்தி வைப்பார். மாமா யாரையாவது ஏற்றிவிடக் கொண்டுவருகிறார் என்று அர்த்தம். என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை ‘பச்சைவண்டி கே. அங்கமுத்து’ என்றே அச்சடித்தார்கள். அச்சகத்துக்காரர் அது குலப்பெயரா என்று கேட்டாராம். “இப்போதைக்கு அப்பிடித்தானுங்க” என்றாராம் மாமா.

டீக்கடை காளியண்ணனுக்கு இந்த இரண்டு வண்டிகளும் தொழில் வசதி. முட்ட வண்டியின் சத்தம் முக்கில் கேட்டால் சர்க்கரை தூக்கலாக ஒன்று ஆற்றத் தொடங்குவார். பச்ச வண்டி என்றால் சர்க்கரை இல்லாமல். ஆள் இறங்கி வருவதற்குள் டம்ளர் பெஞ்சில் இருக்கும்.

முட்டை வியாபாரம் டெம்போ வேன்களுக்குப் போய்விட்டது. முட்ட வண்டிக்காரர் தீவன மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். மொபெட்டை விற்றுவிட்டு, வீட்டில் யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் புது வண்டி ஒன்று எடுத்தார். அதே மாதம் மாமாவின் மகன் நந்தகுமார், நூல் மில்லில் சூப்பர்வைசர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனான். பச்சை வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைப்பதில்லை, நடுரோட்டில் நிற்கிறது, எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம் என்பது அவன் கணக்கு. தவறென்று சொல்ல முடியாது.

“அய்யாவுக்கு என்ன கலருங்க வேணும்?”

“பச்ச இருக்குங்களா?”

“பச்ச வர்றதில்லீங்க. கருப்புல சிவப்புக் கோடு இருக்கு, கருப்புல நீலக் கோடு இருக்கு, கருப்புல வெள்ளிக் கோடு இருக்குங்க.”

“கருப்பில்லாம?”

விற்கிற பையன் நந்தகுமாரைப் பார்த்தான். “ஏனுங்ப்பா, பொண்ணா பாக்க வந்திருக்கறோம்? ஓடுனாப் போதாதா?” என்றான் நந்தகுமார்.

சிவப்புக் கோடு அப்படித்தான் வந்தது. பழைய வண்டி ஷோரூமின் பின்பக்கத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடைக்குப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு நிற்கிறது. பக்கத்தில் முட்ட வண்டிக்காரர்.

“அட பேர்க்காரா! நீயும் இதையேவா எடுத்த?”

“நீ எடுத்தது தெரிஞ்சிருந்தா நான் நீலக் கோட்டுக்குப் போயிருப்பனே” என்றார் மாமா.

“உடு. இனிமே என் ஊட்டுக்காரி உன்னையத் திட்டட்டும், உன் ஊட்டுக்காரி என்னையத் திட்டட்டும். நாம ரெண்டு பேருஞ் சேந்து கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாம்.”

காளியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “ரெண்டும் ஒரே மாதிரி உறுமுது. நான் எதையக் கேட்டுச் சக்கரை போடறதுங்க?” என்றார். அன்றிலிருந்து வருகிறவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பாலைத் தூக்கினார். டீ வர முன்னைவிட நேரமானது.

அதன் பிறகு மாமா பெரிதாக எதுவும் சொன்னதில்லை. சலித்துக்கொண்டதும் இல்லை. வண்டி நன்றாக ஓடியது, பெட்ரோல் குறைவாகக் குடித்தது, ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. பெயின்ட் அடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, “கலர் மாத்துனா புக்குல மாத்தோணுங்ப்பா, செக்கிங்குல புடிச்சா தண்டம்” என்றான் நந்தகுமார். சரி என்று விட்டுவிட்டார். கைப்பிடியில் ஒரு பச்சைத் துணி கட்டிப் பார்த்தார். ஒரு சித்திரை வெயிலில் அது வெள்ளையாகிவிட்டது.

ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு எதிரே காலி மனை முழுக்க வண்டிகள், அத்தனையும் கருப்பு. சாப்பிட்டுவிட்டு வந்த மாமா ஒரு வண்டியில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவர், “ஏனுங்க பெரியவரே, மொய் வெக்கறதுக்குப் பதிலா வண்டி எடுத்துட்டுப் போறீங்களா?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மாமா சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இன்னொரு வண்டியில் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மனையின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கலைந்து, வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒன்று மிஞ்சியது. எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“எங்கீங்க இத்தன நேரம்?” என்று கேட்டார் அத்தை.

“மிச்சமாகறது எதுன்னு பாத்துட்டு இருந்தேன்.”

அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதுவே அவர் வழக்கமாயிற்று. கடைசி ஆளாகக் கிளம்புகிறார், பொறுப்பான மனிதர் என்று பெயர் வாங்கினார்.

இனி அந்த நாள். மாமாவின் மகள் அபிநயாவுக்கு மறுநாள் வளைகாப்பு வைத்திருந்தார்கள். சீர்த் தட்டுக்கு ஆட்டையாம்பட்டி முறுக்கு வேண்டும் என்று மாமா காலையில் கிளம்பினார். வழியில் டீக்கடையில் நிறுத்தி, “ஆட்டையாம்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன் காளியண்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போனை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டும்போது சட்டைப் பையில் அது துடித்தால் அவருக்குப் பயம். வீட்டில் சார்ஜில் கிடந்தது.

முட்ட வண்டிக்காரரும் அன்று காலை கிளம்பினார். ராசிபுரம் போய் நெய் வாங்கி வருவதாக மனைவி முத்தாயம்மாளிடம் சொன்னார். “பொழுதோட வந்துருங்க” என்றார் அவர், உள்ளே அடுப்படியிலிருந்து. கணவர் எங்கே கிளம்பினாலும், பக்கத்துத் தெருவுக்கே போனாலும், வண்டிச் சத்தம் கேட்டதும் அந்தச் சொல் உள்ளேயிருந்து வந்துவிடும். ஆனால் முட்ட வண்டிக்காரர் ராசிபுரம் போகவில்லை. ஏன் ஆட்டையாம்பட்டிச் சாலைக்குத் திரும்பினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆட்டையாம்பட்டிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு சோடாக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சோடா கேட்டார். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டார். அங்கமுத்து என்றார். ஊரைச் சொன்னார். பிறகு பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது. போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவருடைய போன் பூட்டிக் கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர் சேதி சொன்னதும் சோடாக் கடைக்காரர் எங்கள் ஊர்ப் பேருந்தின் கண்டக்டரைப் பிடித்து, அவர் மூலமாகக் காளியண்ணன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார்.

“உங்கூர்க்காரருங்க, அங்கமுத்துன்னாரு. போயிட்டாருங்க.”

அந்த இடத்தில் வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அப்பா பெயர் என்ன, ஆள் எப்படி இருப்பார், என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டிருப்பார். காளியண்ணன் கேட்டது ஒன்றுதான். எங்கள் ஊரில் அங்கமுத்து என்றால் எல்லோரும் கேட்பது அதுதான்.

“என்ன வண்டிங்க?”

“கருப்புங்க. சிவப்புக் கோடு.”

கேட்ட பழக்கத்துக்குப் பதில் வந்துவிட்டது. அது பதிலே இல்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. காலையில் ஆட்டையாம்பட்டி போவதாகச் சொன்ன ஆள் ஒருவர்தான். காளியண்ணன் நூல் மில்லுக்குப் போன் செய்து நந்தகுமாரிடம் சொன்னார். அவன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நேராகச் சேலத்துக்குப் போனான். பிறகு காளியண்ணன் போனில் இருக்கிற ஊர்க் குழுவில் அந்த வரியைப் போட்டார். மனிதர் போனால் முழுப் பெயரோடு போக வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, பச்சைவண்டி என்பதையும் சேர்த்தார்.

அந்த வரியைப் படித்தபோது நான் வெளிநாட்டில், வேலை முடிந்து, கார் நிறுத்தும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், என் கார் எது என்று தெரியாமல் சாவியின் பொத்தானை அழுத்தி, எந்த விளக்கு சிமிட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் எண் போனில் இருந்தது. இறந்தவர் எண்ணுக்கு யார் கூப்பிடுவார்கள்? அம்மாவைக் கூப்பிட்டேன். அழுகை மட்டும் கேட்டது. விமானச் சீட்டு பார்த்தேன். எந்த ஊர் வழியாகப் போனாலும் உடலை எடுப்பதற்குள் போய்ச் சேர முடியாது. ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்தேன். சாவியை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மாமா வீட்டு முன்னால் சாமியானா போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. மல்லசமுத்திரத்திலிருந்து பெரிய ரோஜா மாலை ஒன்று வந்து, ஈரத் துணி போர்த்தி ஓரத்தில் வைக்கப்பட்டது. தெருவின் முக்கு வரை வண்டிகள்.

முதலில் ஓடி வந்தவர் முத்தாயம்மாள். மூன்று தெரு தள்ளி வீடு. அத்தையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அழுவு சாமி. அழுவு. நானிருக்கறேன்.”

“காத்தால முறுக்கு வாங்கப் போறேன்னாருங்கக்கா. நாந்தானுங் போகச் சொன்னேன். இல்லைன்னா அவரு போயிருக்கவே மாட்டாருங்…”

“உன் கையில என்ன கண்ணு இருக்குது? எங்க ஊட்டுக்காரரு வந்துரட்டும். எடுக்கறதுலருந்து மத்த வேலையெல்லாம் அவரு பாத்துக்குவாரு. ராசிபுரம் போயிருக்கறாரு. போனு எடுக்க மாட்டேங்கறாரு, வண்டில இருப்பாராட்ட இருக்குது. வந்துருவாரு.”

இதை அவர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாராவது சேலத்திலிருந்து சேதி உண்டா என்று கேட்டால், எங்க ஊட்டுக்காரரு வந்துரட்டும் என்றார். அத்தைக்குத் தண்ணீர் குடிக்க வைத்தார். முகம் துடைத்துவிட்டார்.

வெயில் ஏறிய நேரத்தில் மாமா வந்தார். பச்சை வண்டியாக இருந்திருந்தால் முக்கு திரும்பும்போதே ஊர் எழுந்து நின்றிருக்கும். ஒரு கருப்பு வண்டி வந்தது. இழவுக்கு வருகிறவர்களின் எத்தனையோ கருப்பு வண்டிகளில் இன்னும் ஒன்று. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் இடமில்லாமல் வரிசையின் கடைசியில் நிறுத்தினார். கையில் முறுக்குப் பை. தன் வீட்டுக்கு நேராகச் சாமியானா இருப்பதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியவராக இருக்கும் என்று நினைத்தாராம்.

கடைசி நாற்காலியில் ஒரு வெளியூர் ஆள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஆருங்க போயிட்டது?”

“பச்ச வண்டி அங்கமுத்துங்க,” என்றார் அவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எப்பங்க?”

“காத்தாலயாமுங்க.”

மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இதைப் பிறகு என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவுமில்லை. “வேற ஒண்ணுந் தோணல மாப்ள. சரி, போயிட்டானாட்ட இருக்குதுன்னு இருந்துச்சு. அழுவ வரல, சிரிப்பும் வரல. மாலை பெருசா வாங்கியிருக்கறாங்களேன்னு மட்டும் பாத்தேன்.”

உள்ளே முத்தாயம்மாள் அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டிருந்தார். காலையிலிருந்து எத்தனையோ வண்டிகள் வந்தன. ஆனால் இது அவருக்குத் தெரிந்த சத்தம். “வந்துட்டாருடா சாமி,” என்று அத்தையின் தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி வரிசையில் மாமா, மடியில் முறுக்குப் பை.

முத்தாயம்மாள் கத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்களுங்களா வந்தீங்க?”

“ஆமாங்கக்கா.”

“இப்ப வந்தது உங்க வண்டியுங்களா?”

“ஆமாங்க.”

முத்தாயம்மாள் சாமியானாவின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப அங்க ஆருங்க இருக்கறது?”

அதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள். ஒரு கூச்சல். நாற்காலிகள் சரிந்தன. அத்தை ஓடி வந்து மாமாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கன்னத்தில் அறைந்தார். “எங்கீங்க போனீங்க? எங்கீங்க போனீங்க?” என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. முறுக்கு தெருவெல்லாம் நொறுங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மாமாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அத்தையின் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற பெண் எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிப் பிடித்தாள். நந்தகுமார்.

“அம்மா! அப்பா இல்லீங்ம்மா! நம்ம அப்பா இல்லீங்க! நான் பாத்துட்டனுங்க, மூஞ்சி பாத்துட்டனுங்க, நம்ம அப்பா இல்லீங்ம்மா!” அவன் அழுதுகொண்டே சிரித்தான். “முட்ட வண்டி மாமாங்க. அவரு ஊட்டுல ஆராச்சும் பக்குவமாச் சொல்லச் சொல்லுங்க. அந்த அத்தைக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்ம்மா.”

போனை அணைக்க அந்தப் பெண்ணுக்குக் கை வரவில்லை. அவன் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

முத்தாயம்மாள் மூங்கிலை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், தன் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அத்தை பின்னால் போனார். காலையிலிருந்து ஆறுதல் சொன்னவரும் கேட்டுக்கொண்டவரும் இடம் மாறி நடந்தார்கள்.

சாமியானாவை அவிழ்த்து மூன்று தெரு தள்ளிக் கட்டினார்கள். நாற்காலிகளை அடுக்கித் தூக்கிப் போனார்கள். மாமாவும் தூக்கினார். யாரோ வேண்டாம் என்றதற்கு, “சும்மா நிக்கறதுக்கு இதாச்சும் செய்யறேன்” என்றார். ரோஜா மாலையை என்ன செய்வது என்று கொஞ்சம் தயங்கினார்கள். வாடவில்லை. அதுவும் போனது. காளியண்ணன் குழுவில் திருத்தம் போட்டார். ‘முட்டைவண்டி அங்கமுத்து அவர்கள்’ என்று. கீழே மறுபடியும் அதே குத்துவிளக்கு, அதே ஆட்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

எனக்கு அம்மாவின் போன் வந்தது. மாமா இருக்கிறார் என்றார். சீட்டை ரத்து செய்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அந்த இழவில் அத்தையால் அழ முடியவில்லை. இருந்த கண்ணீர் காலையிலேயே செலவாகிவிட்டது. முத்தாயம்மாளை அணைத்துக்கொண்டு வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். “அவளுக்கென்ன, அவ ஊட்டுக்காரரு வந்துட்டாரு” என்று ஒரு குரல் கேட்டது.

மாலையில் எடுத்தார்கள். காடு வரை போய், குளித்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். சோடாக் கடையில் நின்ற வண்டியையும் நந்தகுமாரின் நண்பன் ஓட்டிவந்து முத்தாயம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. தன் வண்டியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்த மாமா வழக்கம்போலக் காத்திருந்தார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. உறவுகள் போயின, மில்லுக்காரர்கள் போனார்கள், கடைசியில் வாசலில் இரண்டு நின்றன. இரண்டும் கருப்பு, இரண்டிலும் சிவப்புக் கோடு. அவர் கணக்கில் மிச்சமாவது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கிட்டே இருந்ததில் சாவியைப் போட்டார். திருகவில்லை. எடுத்துக்கொண்டு மற்றதில் போட்டார். பொத்தானை அழுத்தினார். வண்டி கிளம்பியது.

உள்ளே, பெண்களுக்கு நடுவே, சுவரில் சாய்ந்து அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த முத்தாயம்மாளின் குரல் வந்தது. தினமும் அடுப்படியிலிருந்து வருகிற அதே குரல், அதே அவசரமில்லாத குரல்.

“பொழுதோட வந்துருங்க.”

மாமா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். சரிங்க என்று சொல்ல வாய் வந்ததாம். சொல்லவில்லை. ஸ்டாண்டை மெதுவாக எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த தை மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். அபிநயாவின் குழந்தையைப் பார்த்தேன். மாமா கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி மாற்றமில்லை. இப்போது ஊரில் அவரை யாரும் பச்ச வண்டி என்பதில்லை. பிரித்துச் சொல்ல இன்னொருவர் இல்லையே. வெறும் அங்கமுத்து. காளியண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமலே சர்க்கரை இல்லாமல் ஆற்றுகிறார்.

நந்தகுமார் இந்தமுறை தானாகவே பச்சை ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கி வந்திருந்தான். டேங்கில் ஒட்டிக்கொள்ளலாம், புக்கில் மாற்ற வேண்டியதில்லை, விசாரித்துவிட்டேன் என்றான். சுருள் பிரிக்காமல் டிவி மேல் கிடந்தது.

“ஒட்டிக்கலாமுங்களே மாமா?” என்றேன்.

“ஒட்டுனா சத்தம் மாறுமா மாப்ள?”

டீ குடிக்கப் போகலாம் என்று வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு தெரு தாண்டியதும் வண்டியை அணைத்து, “எறங்கு” என்றார். இறங்கினேன். அவர் உருட்ட, நான் பக்கத்தில் நடந்தேன். முத்தாயம்மாளின் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. டயர் கல்லில் ஏறாமல், பள்ளத்தில் இறங்காமல், இடம் பார்த்துப் பார்த்து உருட்டினார். அந்தத் தெருவில் எந்த இடத்தில் எந்தக் கல் என்று அவருக்குப் பழகியிருந்தது.

வேப்பமரம் தாண்டியதும் நின்றார். மூச்சு வாங்கியது.

“ஏறு,” என்றார். பொத்தானை அழுத்தினார். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.